டீசல் தீயைப் பெட்டிக்குள் அடைத்துக் காட்டிய ஒரு நாள் பயிற்சி: போய் வந்தவன் சொல்கிறேன்

வருடா வருடம் எங்கள் வேலையிடத்தில் தீப் பயிற்சி என்று ஒன்று நடக்கும். திறந்த மைதானத்தில் ஒரு தகர டிரே, அதில் கொஞ்சம் டீசல், ஒருவர் பற்ற வைப்பார், வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை பவுடர் அடிப்போம், போட்டோ, கையெழுத்து, முடிந்தது. ஒன்பது வருடம் இதையே செய்துவிட்டு, ஜெனரேட்டர் அறையில் தீப்பிடித்தால் நான் சமாளித்துவிடுவேன் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அறையும் அதை ஒட்டிய டே டேங்கும் (ஜெனரேட்டருக்கு அன்றாடம் டீசல் கொடுக்கும் சின்னத் தொட்டி) என் பொறுப்பு என்பதால் அந்த நம்பிக்கை எனக்குத் தேவையாகவும் இருந்தது.

அது எவ்வளவு பொய்யான தைரியம் என்று மூன்று மணி நேரத்தில் காட்டிவிட்டார்கள். "மூடிய இடத்தில் திரவ எரிபொருள் தீ" என்று ஒரு நாள் பயிற்சி. நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் பாராட்டை விடக் குறை சொல்லும் இடங்களும் கொஞ்சம் இருக்கின்றன, அது வேறு தகராறாகிவிடும். சுருக்கமாகச் சொன்னால்: காலை வகுப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், மதியத்துக்காகப் போகலாம்.

காலையில் இரண்டு மணி நேரம் ஸ்லைடு. தீ முக்கோணம், தீயின் வகைகள், எந்த நிற சிலிண்டர் எதற்கு, இதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நடுவில் இரண்டே விஷயங்களுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்று, 1999 மார்ச் 24 அன்று பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கப்பாதையில் எரிந்த லாரி. அதில் ஏற்றியிருந்தது மாவும் மார்ஜரினும்தான், பெட்ரோல் டேங்கர் இல்லை. மார்ஜரின் உருகி ஓடினால் அதுவும் ஒரு திரவ எரிபொருள்தான். 39 பேர் இறந்தார்கள், தீயை அடக்க இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாவது, தீத்தடுப்புக் கதவுகளை உலையில் வைத்துச் சோதிக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் வெப்பம் எவ்வளவு ஏற வேண்டும் என்று சொல்லும் இரண்டு வரைகோடுகள். சாதாரணக் கட்டடத் தீக்கான கோட்டில் 5 நிமிடத்தில் உலையின் வெப்பம் 576 டிகிரி. எண்ணெய்த் தீக்கான கோட்டில் அதே 5 நிமிடத்தில் சுமார் 948. பயிற்சியாளர் இதை அரை நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டார்! இடைவேளையில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "உங்கள் கதவில் 60 நிமிடம் என்று ஒட்டியிருந்தால் எந்தக் கோட்டின்படி 60 நிமிடம் என்று பாருங்கள் சார்" என்றார். திரும்பி வந்து பார்த்தேன். 60 என்று மட்டும்தான் ஒட்டியிருக்கிறது.

சரி, மதியத்துக்கு வருவோம்.

முதலில் வெளியில் ஒரு தீ. 60 செ.மீ.க்கு 60 செ.மீ. டிரே, அடியில் தண்ணீர், அதன் மேல் 5 லிட்டர் டீசல். ஊற்றிப் பார்த்தால் டீசல் ஒன்றரை செ.மீ. ஆழம் கூட வரவில்லை. டீசல் சட்டென்று பற்றாது. அதன் ஆவி பற்றிக்கொள்ள மேற்பரப்பு 55 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், பெட்ரோலுக்கு மைனஸ் 40-க்குப் பக்கத்திலேயே போதும். அதனால்தான் "டீசல்தானே" என்று நம்மில் பலர் அலட்சியமாக இருக்கிறோம். ஒரு மூலையில் பர்னரைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், முதலில் அந்த மூலை மட்டும் எரிந்தது, அப்புறம் மெதுவாக மஞ்சள் ஊர்ந்து மறு ஓரம் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை முழுதாகப் பற்றிவிட்டால் டீசலா பெட்ரோலா என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது அங்கேதான் உறைத்தது. எரிவது திரவம் இல்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவி. தீயின் வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பக் கீழே விழுந்து திரவத்தை ஆவியாக்குகிறது, அந்த ஆவி மேலே போய் எரிகிறது. கீழே எவ்வளவு வெப்பம் விழுகிறதோ அவ்வளவு வேகம். ஆழத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. டீசல் மாதிரியான எண்ணெயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. குறையும், ஆழம் அதிகம் என்றால் அதிக நேரம் எரியும், அவ்வளவுதான்.

வெளியில் அந்தத் தீ ஐந்தரை நிமிடம் எரிந்தது. காற்றடித்த பக்கம் சாய்ந்தது, புகை மேலே போனது, எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று கையைக் காட்டலாம். மைதானத்தில் ஒன்பது வருடமாக நான் பார்த்த அதே தீ. கடைசியில் மட்டும் எண்ணெய் மெலிந்து, அடியில் இருந்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கி, கடுகு தாளிக்கிற மாதிரி சடசடவென்று வெடித்து, ஒரு பத்து வினாடி தீ உயர்ந்து அடங்கியது. எரியும் டீசலின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டியிருக்கும், ஆனால் அந்தச் சூடு கீழே இறங்க நேரமாகும், எண்ணெய்ப் படலம் மெலிந்தபிறகுதான் தண்ணீரை எட்டும். ஹெப்டேன் மாதிரி 98 டிகிரியில் கொதித்துவிடும் எரிபொருளில் சூடு தண்ணீர் கொதிக்கும் 100-ஐ எட்டாது என்பதால் இந்த வேடிக்கை நடக்காது. அப்போது சிரித்துக்கொண்டோம்.

அடுத்து அதே டிரே, அதே 5 லிட்டர், கன்டெய்னருக்குள். இருபது அடி கன்டெய்னர், உட்கூரையில் செராமிக் ஃபைபர் போர்வை, பக்கச் சுவரை வெட்டித் தடித்த கண்ணாடி பதித்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை, போகவும் விடமாட்டார்கள், அது சரிதான். நடுவில் ஒரு கம்பி நட்டு 30 செ.மீ.க்கு ஒன்றாக எட்டு தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலை அளக்கும் சென்சார். அதை "மரம்" என்கிறார்கள். எட்டின் அளவும் வெளியே ஒரு பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பயிற்சியின் உயிரே அந்தத் திரைதான். தீயைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார், எங்களில் முக்கால்வாசிப் பேர் தீயைத்தான் பார்த்தோம்.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. தீ வளர்ந்து கூரையைத் தொட்டதும் அங்கேயே நிற்கவில்லை, மடங்கிக் கூரையின் அடியில் எல்லாப் பக்கமும் ஓடியது, தலைகீழாகக் கொட்டிய தண்ணீர் மாதிரி. சுவரில் முட்டியது, கொஞ்சம் கீழே இறங்கியது, திரும்பியது. ஒரு நிமிடத்தில் கூரையிலிருந்து ஒரு முழம் கறுப்பு. இரண்டாவது நிமிடம் முடிகிறபோது அந்தக் கறுப்பு ஓர் ஆளின் நெஞ்சுயரத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக நின்றது. திரையில் மேலே 280, முழங்கால் அளவில் 45. ஒரே இடத்தில் நிற்கிற ஒரே ஆளின் தலைக்கும் காலுக்கும் இவ்வளவு வித்தியாசம்! குனிந்து வெளியேறு என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், எண்ணாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குப் பெரிதாகப் பட்டது அது இல்லை. டிரேயிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் இரும்புத் தகடு, அதனால் பாட்டிலுக்குத் தீ நேரடியாகத் தெரியாது. கதவு வழியாகக் குளிர்ந்த காற்று அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. மூன்றாவது நிமிடத்தில் பாட்டிலின் கழுத்து மெல்லத் தலைகுனிந்தது. அப்புறம் தோள். அடிப்பாகம் அப்படியே இருக்க மேல்பாதி மட்டும் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. தீ அதைச் சுடவில்லை, புகை அதைத் தொடவில்லை. மேலே இருந்த கறுப்புப் புகையே அடுப்பாக மாறி மேலிருந்து கீழே சுட்டிருக்கிறது.

கதிர்வீச்சு வெப்பநிலையின் (கெல்வினில், அதாவது டிகிரியோடு 273 கூட்டி) நான்காம் அடுக்கில் ஏறும் என்று படித்திருப்போம், மறந்திருப்போம். ஒயிட் போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். 300 டிகிரியில் கரும்புகை ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோவாட் வீசும், 600 டிகிரியில் 33. வெப்பம் இரண்டு மடங்கு ஆனால் வீச்சு ஐந்து மடங்குக்கு மேல். உச்சி வெயில் சுமார் 1 கிலோவாட். இரண்டரையைத் தாண்டினால் வெறும் தோல் அதிக நேரம் தாங்காது. தரைக்கு 20 வந்துவிட்டால் அறையில் உள்ள எல்லாமே ஒன்றாகப் பற்றிக்கொள்ளும் நிலை.

அந்தக் கூரை அடுப்பு பாட்டிலை மட்டுமா சுடுகிறது, டிரேயில் உள்ள டீசலையும்தான் சுடுகிறது. மேலிருந்து கூடுதல் வெப்பம், அதனால் கூடுதல் ஆவி, அதனால் பெரிய தீ, அதனால் இன்னும் சூடான கூரை. வெளியில் ஐந்தரை நிமிடம் எரிந்த அதே 5 லிட்டர் உள்ளே 4 நிமிடம் 40 வினாடியில் காலி. மைதானத்தில் அள்ளி மேலே போய்விடுகிற வெப்பத்தை அறை திருப்பி அனுப்புகிறது. நான் ஒன்பது வருடம் பழகியது திருப்பி அடிக்காத ஓர் ஆளோடு.

கடைசியில் அந்தச் சடசடப்பு வந்தது. வெளியில் கடுகு வெடித்த மாதிரி இருந்தது உள்ளே வேறு ரகம். தீ திடீரென்று பருத்துக் கதவு வாசல் வரை நாக்கை நீட்டியது, மேல் சென்சார் 350-லிருந்து சில வினாடிகளில் 410-க்கு ஏறியது. தீ அடங்கப் போகிறது என்று நினைத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பின்வாங்கினோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம்: தரையோரச் சென்சார் போகப் போக 90 வரை காட்டியதே, உள்ளே வரும் காற்று அவ்வளவு சூடா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை, சென்சாரின் அந்தச் சின்ன நுனியே கதிர்வீச்சில் சூடாகித் தன் சூட்டைத்தான் சொல்கிறது என்று பயிற்சியாளர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தெர்மல் கேமராவுக்கும் ஒரு கொட்டு: அது காட்டுவது பெரும்பாலும் மேற்பரப்பின் சூடு, வாயுவின் சூடு இல்லை. கருவியின் குறையைத் தானே சொல்லும் ஆளை நான் நம்புவேன்.

மூன்றாவது தீ, கதவை மூடி. அதற்கு முன் ஒரு கணக்கு, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த எண்ணெயாக இருந்தாலும் 1 கிலோ ஆக்சிஜனைத் தின்று எரிந்தால் ஏறக்குறைய 13 மெகாஜூல் வெப்பம். காற்றாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 3. கன்டெய்னரின் உள்ளளவு 33 கன மீட்டர், அதாவது 40 கிலோ காற்று, முழுக்க எரித்தால் 120 மெகாஜூல். ஆனால் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14-க்குப் பக்கம் வந்தாலே தீ திணறும், ஆக மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும்: 40 மெகாஜூல். டீசல் லிட்டருக்கு 36. அவ்வளவு பெரிய பெட்டியை இறுக மூடினால் ஒரு லிட்டரும் கொஞ்சமும்தான் எரிய முடியும், நீங்கள் உள்ளே ஒரு பேரலே வைத்திருந்தாலும் சரி.

அப்படியேதான் நடந்தது. முதல் ஒரு நிமிடம் வழக்கம் போல. அப்புறம் மஞ்சள் மங்கி அழுக்கு ஆரஞ்சு ஆனது, கதவிடுக்கில் புகை வெளியே ஊதியது, அப்புறம் உள்ளே இழுத்தது, மறுபடி ஊதியது, தூங்குகிறவன் மூச்சு மாதிரி. பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், தீ டிரேயை விட்டுக் கழன்றது. எண்ணெய்க்கு மேல் கொஞ்ச இடம் காலி, அதற்கும் மேல் ஒரு நீலம் கலந்த மங்கல் சுடர், காற்று கிடைக்கிற பக்கம் தேடி நகர்ந்து, கதவுப் பக்கம் வந்து ஆடிவிட்டு அணைந்தது. மொத்தம் 2 நிமிடம் 20 வினாடி. ஆக்சிஜன் குறையக் குறைய எண்ணெய் ஆவியாகும் வேகம் நேர்கோட்டில் இறங்கி 11 சதவீதத்தில் பூஜ்யத்தைத் தொடும் என்று 1997-ல் வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரும்பாலான தீ அந்த எல்லைக்கு முன்பே அணைந்துவிடும்.

அணைந்ததும் "திறக்கலாமா" என்று இரண்டு பேர். நானும் மனதுக்குள் அதையேதான் கேட்டேன். 14 நிமிடம் காக்க வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் புகைக்குள் வெள்ளையாக ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அது டீசல் ஆவி, குளிர்ந்து பனியாகிறது. தீ அணைந்துவிட்டாலும் டிரே இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது, கூரை இன்னும் கொதிக்கிறது. டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலை பெட்ரோலை விடக் குறைவு, 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே போதும் என்பதை நிறையப் பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆவி இருக்கிறது, சூடு இருக்கிறது, காற்று மட்டும்தான் இல்லை, கதவைத் திறந்தால் அதையும் கையோடு கொடுக்கிறோம். திரையில் வாயுவின் வெப்பம் மளமளவென்று இறங்கியது, கூரையில் பதித்திருந்த சென்சார் மட்டும் நத்தை மாதிரி. அது 100-க்குக் கீழே வந்த பிறகுதான் கதவில் கை வைத்தார்கள். திறந்ததும் வந்த பச்சை டீசல் நெடியில் கண் எரிந்தது.

இனி குறைகள். பதினெட்டுப் பேருக்கு அந்தக் கண்ணாடி போதவில்லை, நாலு பேர் நின்றாலே நிறைந்துவிடும், மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். கொடுத்த கையுறைகளில் பாதி ஒரே கைக்கு, இரண்டு வலது கையோடு நான் சமாளித்தேன். தீப் பாதுகாப்பு சொல்லித் தருகிறவர்கள் இதில் கோட்டை விடலாமா? நுரை அடித்துக் காட்டியது வெளியில், காற்றில், பாதி நுரை பக்கத்துச் செடிக்குப் போனது. மூடிய இடத்தில் நுரை எப்படி, கார்பன் டை ஆக்சைடு எப்படி என்று கன்டெய்னர் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயால் சொன்னதோடு சரி. நீண்ட கைப்பிடிக் கரண்டியில் அரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் கொட்டி நெருப்புத் தூண் எழுப்பிக் காட்டினார்கள். தண்ணீர் அடியில் போய் 1700 மடங்கு ஆவியாகி எண்ணெயைத் தூக்கி எறிகிறது, தெரிந்ததுதான். அதே தண்ணீரை மெல்லிய பனியாகப் புகைப் படலத்தில் அடித்தால் கூரை அடுப்பு எப்படி அணையும் என்பதைக் காட்டியிருந்தால் அது செய்தி.

என் பெரிய வருத்தம் வேறு. நான் போனதே ஒரு கேள்வியோடுதான்: ஜெனரேட்டர் அறையில் தீ என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுவதா நிறுத்துவதா? "இடத்தைப் பொறுத்தது சார்" என்று முடித்துவிட்டார். அவர்கள் போட்ட கணக்கையே நீட்டினால் பதில் பாதி வந்துவிடுகிறது. வினாடிக்கு ஒரு கன மீட்டர் காற்று தள்ளும் ஃபேன், மூன்றரை மெகாவாட் தீக்குச் சாப்பாடு போடும். ஆள் வெளியேறும் வரை புகையை எடுக்க அது உதவலாம், ஆள் வெளியேறிய பிறகு அது தீயின் வேலைக்காரன். பிரான்சில் கடராஷில் 2006 முதல் 2011 வரை பல நாடுகள் சேர்ந்து, அணு உலைக் கட்டடங்களை மனதில் வைத்து, ஃபேன் மட்டுமே காற்று தரும் அறைகளில் எண்ணெய்த் தீ வைத்துப் பார்த்தார்கள். அதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம், தீ முக்கோணத்தில் இருந்து எடுத்து.

இன்னொன்று, எங்கள் மாதிரி இடத்தில் எண்ணெய் டிரேயில் அழகாக நிற்காது. குழாய் விரிசல் விட்டுச் சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சும். அதற்குக் கூரை உதவ வேண்டியதில்லை, துளியாகவே பறந்து எரியும். கப்பல்களில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பாகங்களில் எண்ணெய் தெறிக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் போர்த்த வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. அந்த வகைத் தீயைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை.

ஆனாலும் போங்கள். போகிறவர்கள் சொந்தக் கையுறை எடுத்துப் போங்கள், கண்ணாடியின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து மட்டும்தான் தீயும் திரையும் ஒன்றாகத் தெரியும். நான் திரும்பி வந்த வாரம் டே டேங்கின் அடைப்பு வால்வை அறைக்கு வெளியே கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு நாள் அது டேங்குக்குப் பின்னால், நெஞ்சுயரத்துக்கு மேலே இருந்தது.

மூன்று தீயின் வெப்ப கிராஃபையும் ஒரு வாரத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். நான்காவது வாரம் ஓடுகிறது, இரண்டு முறை நினைவூட்டியாயிற்று. இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், கிராஃப் வந்தால் அரை சேர்த்துக்கொள்கிறேன்.